அலுமினியத்தை காப்பர், இரும்போட சேர்க்கிறது எப்படி: புதுசா கத்துக்கறவங்களுக்கு

பெங்களூர்ல பீன்யா, காமாக்ஷிபாளையா, பொம்மசந்திரா பக்கம் ஷெட்டுங்கள்ல வேலைக்கு சேர்ற நம்ம ஊர் பசங்க, கிருஷ்ணகிரி தர்மபுரி ஆம்பூர் வாணியம்பாடில இருந்து வர்றவங்க, பெரும்பாலும் எம்எஸ் வெல்டிங், அதாவது சாதாரண இரும்பு வெல்டிங், நல்லாவே அடிப்பாங்க. ஏசி வேலைக்கு வர்றவங்களுக்கு காப்பர் பிரேசிங் (பைப்பை உருக்காம ராடை மட்டும் உருக்கி ஒட்டறது) கை வந்திருக்கும். ஆனா ஒரு பக்கம் அலுமினியம் இன்னொரு பக்கம் காப்பர், இல்ல ஒரு பக்கம் அலுமினியம் இன்னொரு பக்கம் இரும்புன்னு ஒரு வேலை கைக்கு வந்தா அங்க நின்னுடறாங்க, ஏன்னா இதை யாரும் உக்கார வச்சு சொல்லித் தர்றதில்ல. நல்லா வெல்டிங் தெரிஞ்சவங்களுக்குத்தான் இது இன்னும் கஷ்டம், அவங்க கை "ரெண்டையும் உருக்கி சேர்"னு பழகிப்போன கை. இங்க அந்தப் பழக்கத்தை முதல்ல விடணும். ரெண்டு மெட்டலையும் சேர்த்து உருக்கவே கூடாது, அதுதான் இந்த வேலையோட அடிப்படை, கீழ நான் சொல்ற எல்லா படியும் அதுக்காகத்தான்.

ஏன்னு தெரிஞ்சுக்கோங்க, தெரிஞ்சா கை தானா சரியா போகும். அலுமினியம் 660 டிகிரில உருகிடும். காப்பர் உருக 1085 டிகிரி வேணும். இரும்பு 1538. அப்போ இரும்பு உருகுற சூட்டுக்குப் போனா அலுமினியம் அதுக்கு எவ்வளவோ முன்னாடியே வழிஞ்சு கீழ ஊத்திடும். இது எல்லாருக்கும் தெரிஞ்ச பிரச்சனை, ஆனா இது சின்ன பிரச்சனைதான். பெரிய பிரச்சனை என்னன்னா, உருகின அலுமினியமும் இரும்பும் கலந்தா அங்க ஒரு புது சேர்மம் உருவாகுது, அலுமினியம் காப்பரோட கலந்தாலும் அதே கதைதான், அந்த சேர்மம் ரொம்ப கெட்டி ஆனா வளையவே வளையாது, தட்டினா பொட்டுன்னு போயிடும். ஜாயிண்ட் பாக்க அழகா இருக்கும், வெளிய ஒரு குறையும் தெரியாது, கீழ விழுந்தா ரெண்டு துண்டு. இந்தச் சேர்மம் ஒரு மெல்லிய படலமா, 10 மைக்ரானுக்குள்ள, அதாவது ஒரு எம்எம்ல நூறுல ஒரு பங்குக்குள்ள இருந்தா ஜாயிண்ட் தாங்கும், அதுக்கு மேல தடிமனா வளர்ந்தா தாங்காது. சூடு கூடினாலும் வளரும், நேரம் கூடினாலும் வளரும். அதனால குறைஞ்ச சூடு, குறைஞ்ச நேரம்.

காப்பர்ல இன்னொரு பொறி இருக்கு. அலுமினியம் தனியா 660, காப்பர் தனியா 1085, ஆனா ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கற இடத்துல 548 டிகிரிலயே உருக ஆரம்பிச்சிடும். ரெண்டுமே இன்னும் உருகற சூட்டுக்கு வரலையேன்னு நீங்க நினைச்சுக்கிட்டு இருக்கும்போதே பைப் சுவர் கரைஞ்சு ஓட்டை விழும். 548ங்கிற நம்பரை மட்டும் மனசுல எழுதி வச்சுக்கோங்க.

அப்புறம் அலுமினியம் மேல எப்பவும் ஒரு ஆக்சைடு தோல் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, அது உருக 2000 டிகிரிக்கு மேல வேணும். சுரண்டி எடுத்தாலும் காத்து பட்ட உடனே திரும்ப வந்துடும். ஃப்ளக்ஸ், அதாவது சூட்டுல இந்தத் தோலை உரிக்கற மருந்து, இல்லாம இந்த வேலை நடக்காததுக்குக் காரணம் அதுதான்.

சூடு வேணுமான்னு முதல்ல யோசிங்க

டார்ச்சை எடுக்கறதுக்கு முன்னாடி இந்தக் கேள்வி. நிறைய வேலைக்கு சூடே தேவையில்ல, இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க.

கரண்ட் வேலைன்னா, அலுமினிய கேபிளை காப்பர் பஸ்பார்ல (பேனலுக்குள்ள கரண்ட் போற காப்பர் பட்டை) மாட்டணும்னா, பைமெட்டாலிக் லக்குன்னு கேளுங்க, ஒரு பக்கம் அலுமினியம் ஒரு பக்கம் காப்பர், ஃபேக்டரிலயே உராய்வு வெல்டிங்ல சேர்த்து வந்திருக்கும், நீங்க கேபிளை உள்ள விட்டு அழுத்தி நசுக்கி (கிரிம்ப்) போல்ட் போட்டா போதும். அலுமினிய வயரையும் காப்பர் வயரையும் முறுக்கி டேப் சுத்தறது மட்டும் வேண்டவே வேண்டாம், அங்க ஆக்சைடு வளர்ந்து, கான்டாக்ட் லூசாகி, சூடேறி தீப்பிடிக்கும். வீட்டு மீட்டருக்கு முன்னாடி இருக்கற சர்வீஸ் வயர்ல நீங்க கையே வைக்காதீங்க, அது மின்வாரிய ஆளுங்க வேலை.

ஸ்டாண்டு, பிராக்கெட், போர்டு ஃபிரேம் மாதிரி வேலைன்னா ரிவெட்டோ போல்ட்டோ போடுங்க, நடுவுல ரெண்டு பார்ட் எபாக்ஸி (ரெண்டு டியூப்பை கலந்து தடவற பசை) தடவுங்க. எபாக்ஸி பலத்தையும் குடுக்கும், ரெண்டு மெட்டலும் நேரா தொடாம பிரிச்சும் வைக்கும், அதோட நன்மை பின்னாடி அரிப்பு பத்தி சொல்றப்போ புரியும். சாதாரண எபாக்ஸி சூட்டுக்கு ஆகாது, இன்ஜின் பக்கம், அடுப்புப் பக்கம் போடாதீங்க. பெரிய அலுமினிய தகட்டுல சின்ன எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் போடலாம், பெரிய இரும்பு தகட்டுல சின்ன அலுமினிய ரிவெட் அடிச்சா மழை பட்டு அந்த ரிவெட்டை அரிச்சு தின்னுடும்.

ஏசி, ஃப்ரிட்ஜ் பைப்புல லோக்ரிங் மாதிரி அழுத்தி மாட்டற ரிங் இருக்கு, நெருப்பே வேண்டாம். ஆர்-290 கேஸ் இருக்கற ஃப்ரிட்ஜுன்னா அது புரோபேன், அங்க டார்ச்சே கூடாது, ரிங் தான்.

இதுல எதுவும் சரிப்படலைன்னா, லீக் ஆகாத ஜாயிண்ட்டோ சூடு கடத்தற ஜாயிண்ட்டோ வேணும்னா, பிரேசிங். பிரேசிங்னா ரெண்டு பக்கமும் உருகாது, நடுவுல போடற ராடு மட்டும் உருகி ரெண்டையும் பிடிச்சுக்கும்.

என்ன வாங்கணும்

எஸ்பி ரோட்டுலயோ கலாசிப்பாளையா பக்கமோ ஏசி ஸ்பேர்ஸ், வெல்டிங் சாமான் விக்கிற கடைங்கள்ல கிடைக்கும், தமிழ்ல கேட்டாலே பாதி கடைல பதில் வரும். ஆனா "அலுமினியம் ராடு குடுங்க"ன்னு மட்டும் கேட்டா அலுமினியத்தோட அலுமினியம் சேர்க்கற சிலிக்கான் ராடை எடுத்து குடுத்துடுவாங்க, அது 577 டிகிரிக்கு மேலதான் உருகும், நம்ம 548 லிமிட்டை தாண்டினது, காப்பருக்கு ஆகவே ஆகாது. "ஜிங்க் அலுமினியம் ராடு, உள்ள ஃப்ளக்ஸ் இருக்கறது, அலுமினியம் காப்பர் சேர்க்கறதுக்கு"ன்னு முழுசா சொல்லிக் கேளுங்க. ரெண்டு வகை வரும். 98 சதவீதம் ஜிங்க் 2 சதவீதம் அலுமினியம் இருக்கறது 380 டிகிரி வாக்குல உருகும். 78 ஜிங்க் 22 அலுமினியம் இருக்கறது 426ல உருக ஆரம்பிச்சு 482ல முழுசா ஓடும். ரெண்டுமே 548க்கு கீழதான். ஆரம்பிக்கறவங்களுக்கு நான் 78-22 தான் சொல்வேன், ஏன்னா ராடுக்குள்ள இருக்கற சீசியம் ஃப்ளக்ஸ் வேலை செய்யற சூடும் கிட்டத்தட்ட அதே 420 முதல் 480 வரைதான், ஃப்ளக்ஸ் தோலை உரிக்கற நேரத்துக்கு ராடும் உருகத் தயாரா இருக்கும். 98-2ல ராடு முந்திக்கிட்டு உருண்டை உருண்டையா உருகி நிக்கும், புது ஆளு பயந்து சூட்டை ஏத்துவாங்க, வேலை கெட்டுடும். அட்டையில உருகற சூடு போட்டிருக்கான்னு பாருங்க, எதுவுமே எழுதாம சும்மா "மேஜிக் ராடு"ன்னு விக்கறதை நான் வாங்க மாட்டேன். காட்மியம் கலந்த ராடு யாராவது குடுத்தா வேண்டாம்னு சொல்லுங்க, அந்தப் புகை நுரையீரலை கெடுக்கும்.

மத்தபடி எல்பிஜி இல்லைன்னா கேன் டார்ச், எஸ்எஸ் வயர் பிரஷ் ரெண்டு (அலுமினியத்துக்கு ஒண்ணு, மத்ததுக்கு ஒண்ணு, மாத்தி மாத்தி போடாதீங்க), உப்புத்தாள், அசிட்டோன், வெள்ளை துணி, கண்ணுக்குப் போடற கண்ணாடி, லெதர் கிளவுஸ், ஒரு சோப்புக்கட்டி. சோப்பு எதுக்குன்னு வரேன். பழகறதுக்கு ஸ்க்ராப் பைப் துண்டுங்க நிறைய வாங்கிக்கோங்க, கஸ்டமர் யூனிட்ல முதல் ஜாயிண்ட் போடாதீங்க.

அலுமினியம் எந்த கிரேடுன்னும் பாக்கணும். ஏசி பைப்புல வர்ற 1000, 3000 வரிசை நல்லா ஒத்துழைக்கும். ஜன்னல் சேனல்ல வர்ற 6063யும் பரவாயில்ல. மெக்னீசியம் நிறைய இருக்கற 5000 வரிசைல ஃப்ளக்ஸ் தடுமாறும். ஏரோப்ளேன் வேலைக்கு வர்ற 2024, 7075 எல்லாம் 500 டிகிரி வாக்குலயே உருக ஆரம்பிச்சிடும், அதோட சூடு பட்டா அதுங்க பலமும் போயிடும், அதை பிரேசிங் பண்ண வேண்டாம்.

வேலை ஆரம்பம்: அலுமினியம் காப்பர் பைப்

ஏசில வேலைன்னா முதல்ல கேஸை முழுசா ரெக்கவரி சிலிண்டர்ல இழுத்துடுங்க, காத்துல விடாதீங்க. உள்ள கேஸ் மிச்சம் இருந்து அது மேல நெருப்பு பட்டா விஷவாயு வரும், புது ஏசிங்கள்ல வர்ற ஆர்-32 கேஸ் எரியவும் செய்யும். ஜன்னல் கதவை திறங்க, காத்து ஓடணும். ஜிங்க் புகை நிறைய உள்ள போனா ராத்திரி காய்ச்சல் குளிர் வரும், பட்டறைல பழைய ஆளுங்களுக்கு இது தெரியும்.

வெட்டினதும் உள்பக்க பிசிறை எடுங்க. பைப் முனையை விரிக்கறதுன்னா அலுமினியத்தை விரிச்சு காப்பரை உள்ள விடுங்க. அலுமினியம் சூட்டுல காப்பரை விட அதிகம் விரியும், ஆறும்போது அதிகம் சுருங்கும், வெளிய இருந்தா ஆறும்போது காப்பரை இறுக்கிப் பிடிச்சுக்கும், உள்ள இருந்தா சுருங்கி விலகப் பாக்கும். சுத்தி ஒரு எம்எம்ல பத்துல ஒரு பங்கு இடைவெளி போதும், உள்ள விட்டா லேசா ஆடணும், தொளதொளன்னு இருக்கக்கூடாது. உள்ள போற நீளம் சுவர் தடிமனைப் போல குறைஞ்சது மூணு மடங்கு, ஏசி பைப்புக்கு நான் தாராளமா 10 எம்எம் விடுவேன்.

சுத்தம் பண்றதுல வரிசை முக்கியம். முதல்ல அசிட்டோன், அப்புறம் தான் பிரஷ். எண்ணெய் இருக்கும்போதே பிரஷ் போட்டா எண்ணெயை மெட்டலுக்குள்ள தேய்ச்சு விடறீங்க. அலுமினியத்தை எஸ்எஸ் பிரஷ்ல ஒரே திசைல, அழுத்தாம தேய்ங்க, காப்பரை உப்புத்தாள்ல பளபளன்னு ஆக்குங்க. அப்புறம் விரல் படாம மாட்டி, கிளாம்ப் பண்ணி, உடனே வேலையை முடிங்க. காலைல சுத்தம் பண்ணி வச்சுட்டு சாயங்காலம் பிரேஸ் பண்றது வேண்டாம், திரும்ப தேய்க்கணும்.

இப்போ சோப்பு. இரும்பு சூடானா செவக்கும், அலுமினியம் செவக்கவே செவக்காது, வெள்ளையா அப்படியே இருந்து திடீர்னு தொங்கி விழும். புது ஆளுங்க ஏமாறுற இடமே இதுதான். அதனால ஜாயிண்ட்ல இருந்து ரெண்டு விரல் தள்ளி அலுமினியம் மேல சோப்புக்கட்டியால ஒரு கோடு போடுங்க, ஜாயிண்ட் மேல படக்கூடாது. அந்த கோடு பழுப்பாகி கருப்பாச்சுன்னா அலுமினியம் சுமாரா 350 டிகிரிய ஒட்டி வந்திருச்சு, இனிமே கவனமா இருக்கணும்னு அர்த்தம். டெம்பரேச்சர் கிரேயான் (குறிப்பிட்ட சூட்டுல உருகற சாக்பீஸ் மாதிரி குச்சி) வாங்க முடிஞ்சா இன்னும் துல்லியம்.

நெருப்பு எங்க காட்டணும்னா காப்பர் மேல. அலுமினியம் மேல நேரா காட்டவே கூடாது. காப்பர்ல ஜாயிண்ட்டுக்கு 20, 25 எம்எம் தள்ளி ஆரம்பிச்சு, சுத்தி சுத்தி, ஒரே இடத்துல நிக்காம ஆட்டிக்கிட்டே இருங்க, காப்பர் சூட்டை நல்லா கடத்தும், அதுவே ஜாயிண்ட்டுக்கு எடுத்துட்டுப் போகும். வெயில்ல நின்னு செய்யாதீங்க, நிழல்ல செய்யுங்க, ஏன்னா இருட்டுல காப்பர் லேசா செவப்பு காட்ட ஆரம்பிக்கறதே 500 டிகிரிய தாண்டின பிறகுதான், அதாவது செவப்பு தெரிஞ்சா 548 பக்கத்துல வந்துட்டீங்க, உடனே டார்ச்சை எடுங்க. வெயில்ல அந்த செவப்பு கண்ணுக்கே தெரியாது.

சோப்பு கருத்ததும் ராடை ஜாயிண்ட்ல தொட்டு பாருங்க, நெருப்புல காட்டாதீங்க, நெருப்புல உருகின ராடு சொட்டா விழும், உள்ள போகாது. பைப் சூட்டுலயே ராடு உருகணும். உள்ள இருந்து ஃப்ளக்ஸ் முதல்ல கலங்கலா வந்து அப்புறம் தெளிஞ்சு ஓடும், பின்னாடியே மெட்டல் பளிச்சுன்னு வளைஞ்சு இடுக்குக்குள்ள இழுத்துக்கும். அதைப் பாத்த உடனே சுத்தி ஒரு வட்டம் ராடை ஓட்டி, நெருப்பை எடுத்துடுங்க. இந்த இடத்துல எல்லாரும் பண்ணறது "இன்னும் கொஞ்சம் அழகு பண்ணலாம்"னு திரும்ப நெருப்பு காட்டறது. வேண்டாம். நெருப்புல நிக்கற ஒவ்வொரு நொடியும் அந்த உடையற படலம் தடிமனாகுது. சின்ன பைப்புக்கு ஒரு நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடணும், அதுக்கு மேல போனா டார்ச் சின்னது, இல்ல சுத்தம் சரியில்ல.

தண்ணி ஊத்தி ஆறவைக்காதீங்க, ரெண்டு மெட்டலும் வேற வேற வேகத்துல சுருங்கி விரிசல் விடும். தானா ஆறட்டும், ஆடாம பிடிச்சுக்கோங்க. முழுசா ஆறினதும் சுடுதண்ணி, பிரஷ் போட்டு ஃப்ளக்ஸ் மிச்சத்தை எடுங்க. சீசியம் ஃப்ளக்ஸ் பெருசா அரிக்காது ஆனா லீக்கை மறைச்சு வைக்கும், ரெண்டு மாசம் கழிச்சு அந்த ஓடு உதிர்ந்து கேஸ் போகும். குளோரைடு ஃப்ளக்ஸ் போட்டிருந்தா அது அலுமினியத்தை அரிக்கும், கட்டாயம் கழுவணும்.

இரும்பு, எஸ்எஸ்னா என்ன மாறும்

ராடு அதேதான், ஆனா இரும்பு சூட்டை கடத்தறதுல மட்டம், அலுமினியம் இரும்பை விட நாலஞ்சு மடங்கு வேகமா கடத்தும். நெருப்பு பட்ட இடம் மட்டும் இரும்புல கொதிக்கும், பக்கத்துல ஆறிப்போய் இருக்கும். அதனால இரும்பு மேல பெரிய மென்மையான நெருப்பா, அகலமா, பொறுமையா காட்டணும். சுத்தம் பண்ண இரும்பு 300 டிகிரிலயே நீலமாகிடும், அது ஆக்சைடு, அதனால இரும்பு மேல ஃப்ளக்ஸ் பேஸ்ட்டை முதல்லயே தடவிடுங்க. ஜிஐ தகடுன்னா (ஜிங்க் பூசின இரும்பு) மேல இருக்கற ஜிங்க்கே உதவி செய்யும், ராடு நல்லா ஒட்டும், அதை சுரண்டி எடுக்காதீங்க, புகையை மட்டும் கவனிங்க. எஸ்எஸ்தான் முரண்டு பிடிக்கும், அது மேல குரோமியம் ஆக்சைடு தோல் இருக்கு, அலுமினிய ஃப்ளக்ஸ் அதை சரியா உரிக்காது. நிக்கல் பிளேட்டிங் பண்ணின எஸ்எஸ்னா வேலை சுலபம், இல்லைன்னா நான் எஸ்எஸுக்கு போல்ட்டும் எபாக்ஸியும் தான் சொல்வேன்.

நீளமான ஜாயிண்ட் போடாதீங்க. ஒரு கணக்கு பாருங்க: 100 எம்எம் நீளம் ரெண்டு பட்டை, ஒண்ணு அலுமினியம் ஒண்ணு இரும்பு, 450 டிகிரி சூடேறினா அலுமினியம் இரும்பை விட அரை எம்எம் அதிகமா நீளும். அந்த நிலையில ஒட்டி ஆறினா, அந்த அரை எம்எம் எங்க போகும்? பட்டை வளையும், இல்ல ஜாயிண்ட் பிரியும். சின்ன சின்னதா விட்டு விட்டு போடுங்க.

டிக் வெல்டிங் மெஷின் (டங்ஸ்டன் முனைல ஆர்க் வர்றது) வச்சிருக்கறவங்க கேப்பாங்க, வெல்டே பண்ண முடியாதான்னு. வழி இருக்கு, இரும்பு முனையை முதல்ல உருகின அலுமினியத்துல முக்கி பூச்சு ஏத்திட்டு, ஆர்க்கை அலுமினியம் பக்கமே வச்சு அலுமினிய ஃபில்லர் ராடு போடணும், பூச்சு எரிஞ்சு இரும்பு வெளிய தெரிஞ்சா போச்சு. சீல் பண்ண ஆகும், பாரம் தாங்க நம்பாதீங்க. பாரம் தாங்கணும்னா உருக்காம சேர்க்கறதுதான், பெரிய ஃபேக்டரிங்க அதைத்தான் செய்யுது. கப்பல்ல இரும்பு அடிப்பாகத்து மேல அலுமினிய மேல்கட்டு நிக்குதுன்னா நடுவுல வெடி வச்சு அழுத்தி ஒட்டின பட்டை இருக்கும், ஒரு பக்கம் இரும்பு ஒரு பக்கம் அலுமினியம், அந்தந்த பக்கம் அந்தந்த மெட்டலை சாதாரணமா வெல்ட் பண்ணுவாங்க. இங்கிலாந்துல 1991ல டிடபிள்யூஐங்கிற வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடிச்ச ஃப்ரிக்ஷன் ஸ்டர் வெல்டிங்கை (சுத்தற கருவியோட உராய்வு சூட்டுல, உருக்காம கலக்கி சேர்க்கறது) வச்சு ஹோண்டா 2013 மாடல் அக்கார்ட் காரோட முன் சப்ஃபிரேம்ல (இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கற அடிச்சட்டம்) இரும்பையும் அலுமினியத்தையும் சேர்த்தாங்க. இந்த ஃப்ரிக்ஷன் ஸ்டர் பத்தி நம்ம பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துலயும் (ஐஐஎஸ்சி) ஆராய்ச்சி நடந்திருக்கு. வெல்டிங்கையே ஆழமா படிக்கணும்னு ஆசை இருக்கற பசங்களுக்கு திருச்சி பெல் (பிஎச்இஎல்) கம்பெனில 1975ல ஆரம்பிச்ச வெல்டிங் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் இருக்கு, விசாரிங்க.

டெஸ்ட், அப்புறம் அரிப்பு

பழகற துண்டை ஆக்ஸா பிளேடால நீளவாக்குல அறுத்து உள்ள பாருங்க, ராடு கடைசி வரை போயிருக்கா, நடுவுல ஓட்டை இருக்கா. இன்னொரு துண்டை வைஸ்ல பிடிச்சு வளைங்க. அலுமினியம் வளைஞ்சு ஜாயிண்ட் நின்னா நல்ல ஜாயிண்ட், ஜாயிண்ட் சுத்தமா பிரிஞ்சு வந்து உள்ள சாம்பல் நிறமா இருந்தா சூடு அதிகம் குடுத்திருக்கீங்க. வெளித்தோற்றத்தை நம்பாதீங்க.

லீக் டெஸ்டுக்கு டிரை நைட்ரஜன் மட்டும், ரெகுலேட்டர் போட்டு, யூனிட் பிளேட்ல போட்டிருக்கற பிரஷருக்கு மேல போகாம. கையில ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கேன்னு அதை போட்டா கம்ப்ரசர் எண்ணெயோட சேர்ந்து வெடிக்கும், இதுல உயிரே போகும், தயவுசெஞ்சு செய்யாதீங்க. பிரஷர் குக்கர் மாதிரி சாமானையும் இப்படி ஒட்டி திரும்ப அடுப்புல வைக்காதீங்க.

ஜாயிண்ட் நல்லா வந்தாலும் ஈரம் பட்டா ரெண்டு மெட்டலுக்கும் நடுவுல பேட்டரி உருவாகி அலுமினியம் கரையும். பெங்களூர் காத்துல மெதுவா நடக்கும், அதே யூனிட் சென்னைல கடற்கரை பக்கம் போனா உப்புக்காத்துல ரொம்ப சீக்கிரம். அதனால உள்ள பசை இருக்கற ஹீட் ஷ்ரிங்க் டியூப்பை (சூடு காட்டினா சுருங்கி இறுகற டியூப்) ஜாயிண்ட்டுக்கு ரெண்டு பக்கமும் தாண்டி போடுங்க, ஜாயிண்ட் போடறதுக்கு முன்னாடியே பைப்புல கோத்து தள்ளி வச்சுடுங்க, பிறகு உள்ள நுழைக்க முடியாது. பெயிண்ட் அடிக்கறதுன்னா அலுமினியத்துக்கு மட்டும் அடிக்காதீங்க, அந்த பெயிண்ட்ல சின்ன கீறல் விழுந்தா மொத்த அரிப்பும் அந்த ஒரு புள்ளில குவிஞ்சு ஓட்டை போட்டுடும். காப்பர் பக்கத்துக்கு கட்டாயம் அடிக்கணும், முடிஞ்சா ரெண்டுக்கும்.

பைப் ரூட் பண்ணும்போது அலுமினியம் மேலயும் காப்பர் கீழயும் வர்ற மாதிரி வைங்க. காப்பர் மேல வியர்க்கற தண்ணி அலுமினியத்து மேல சொட்டினா அதுல கரைஞ்சு வர்ற காப்பர் அங்க படிஞ்சு குழி குழியா அரிக்கும். இடம் இல்லாம தலைகீழா வைக்க வேண்டி வந்தா இன்சுலேஷன் நுரையை இடைவெளி இல்லாம ஒட்டி, அந்த யூனிட்டை மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை திறந்து பாருங்க, ஜாயிண்ட் பக்கம் வெள்ளைப் பொடி தெரிஞ்சா சுத்தம் பண்ணி ஷ்ரிங்க் டியூப்பை புதுசா மாத்திடுங்க.